அப்பா பேர் ஒட்டின டப்பா

தம்பி,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று தெரிந்தால் திட்டுவாய். மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பகலில் எழுத முடியவில்லை. லேபில் வேலைக்கு நடுவே போனில் ரெண்டு தடவை டைப் அடித்தேன், ரெண்டு தடவையும் அழித்துவிட்டேன். பேசிச் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு வேறு பேச்சு வந்துவிடுகிறது, சாப்பிட்டியா, ரூமில் கொசு இருக்கா என்று. அதனால் பேப்பரில் எழுதி, கூடவே ஒரு தாளையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்து, காலையில் கூரியரில் போடப்போகிறேன். அந்தத் தாளை இப்போதே பிரித்துப் பார்க்காதே கண்ணு. முதலில் இதைப் படித்து முடி. இதைப் படிக்காமல் அதைப் பார்த்தால் உனக்கு ஒன்றும் புரியாது, பயம் மட்டும்தான் வரும். மூணு வருஷமாக எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரகடத்தில் வேலை உறுதியாகிவிட்டது, மெடிக்கல் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் சேர வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாய். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அப்புறம் நீயே சிரித்துக்கொண்டே சொன்னாய். டிப்ளமோ கடைசி வருஷம் காலேஜில் நடந்த கேம்ப்பில் உன் யூரினில் ஆல்புமின், அதாவது புரதம், ஒன் பிளஸ் என்று எழுதி, திரும்ப வந்து காட்டச் சொன்னார்களாம். நீ போகவே இல்லையாம். அப்போது அப்பா போய் ரெண்டு மாசம்தான் ஆகியிருந்ததாம், என்னிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாயாம். இப்போது கம்பெனி மெடிக்கலில் அதையே திரும்பக் கேட்டதும் ரிஸ்க் எதற்கு என்று ரூமில் இருக்கிற பையனுடையதை வாங்கி உன் பேரில் கொடுத்துவிட்டாயாம். "பாஸ்மா. எல்லாம் அப்பா டெக்னிக்தான், ஞாபகம் இருக்கா?" என்றாய். நானும் சிரித்தேன். "போடா திருடா" என்றுகூடச் சொன்னேன். போனை வைத்த பிறகு அடுப்பங்கரையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றேன்.

அந்த டெக்னிக் உனக்கு எப்படி மறக்கும். உனக்குப் பத்து வயது. கத்திரி வெயில். உப்பு ஆபீஸ் எதிரே ஷாமியானா போட்டு, வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்து, உப்பளத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் இலவசமாகப் பரிசோதனை என்றார்கள். முந்தின நாளே ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து, காலையில் முதலில் போகிற சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். டப்பாவின் மேல் பேர் எழுதின சீட்டு. அன்றைக்கு இங்கே ஆண்கள் பேசிக்கொண்ட ஒரே பேச்சு அதுதான். சீசனில் உப்பு வாருகிறவர்களுக்குப் போவது டிக்காஷன் நிறத்தில் இருக்கும், எரியும், அது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்க் குடம் ஒரு கோடியில், பாத்தி ஒரு கோடியில். குடிக்கப் போனால் வேலை நிற்கும், குடித்தால் ஒதுங்க இடம் இல்லை. இந்த நிறத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் டாக்டர் ஏதாவது எழுதுவார், அது மேஸ்திரி காதுக்குப் போகும், "உடம்பு சரியில்லாதவன் வீட்டுல இருப்பா" என்று சொல்லிவிடுவார் என்று ஒவ்வொருத்தருக்கும் பயம். அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரவர் பிள்ளைகளுடையதைத்தான் கொண்டுபோனார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. ரேஷனுக்கு உன்னை வரிசையில் நிற்கவைப்போமே, அந்த மாதிரிதான் நினைத்தோம்.

அப்பா டப்பாவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். "இந்தா லேப்காரி, உன் புள்ளைகிட்ட சொல்லி இதை நெப்பித் தரச் சொல்லு" என்றார். நான் மாட்டேன் என்றேன். ஒரு நிமிஷம்தான் மாட்டேன் என்றேன். அப்புறம் நானே உன்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஏதோ விளையாட்டு என்று உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பாதி வெளியே போயிற்று. மூடியைத் துடைத்து அப்பா கையில் கொடுத்தது நான்தான். நாலு நாள் கழித்து எல்லாம் நார்மல் என்று சீட்டு வந்தது. அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "என்னை என் புள்ளை பாஸ் பண்ண வெச்சிட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போய் உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். உனக்கு அந்த ரோஸ்மில்க் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த மூடியைத் துடைத்த துணிகூட ஞாபகம் இருக்கிறது.

இதில் உங்கப்பா மேல் பாதித் தப்புகூட இல்லை. அவர் எட்டாவது படித்தவர். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு செகண்ட் இயர் பரீட்சை எழுதினவள். உப்புப் பாக்கெட் போடுகிற கம்பெனியில் எனக்கு வேலையே சாம்பிள் பார்ப்பதுதான். ஒவ்வொரு லோடிலிருந்தும் பிடி உப்பு எடுத்து, மருந்து ஒரு சொட்டு விட்டு, ஊதா நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அயோடின் சரியாக இருக்கிறதா என்று எழுத வேண்டும். அந்தக் கேம்ப்புக்கு முந்தின வாரம்தான் ஒரு லோடுமேன், கையில் கிடைத்த நல்ல மூட்டையிலிருந்தே எல்லாச் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று அவரை நான் திட்டினேன். "அண்ணே, இந்த உப்பு நல்லா இருக்குன்னா அந்த உப்பும் நல்லா இருக்குன்னு அர்த்தமா" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் வீட்டில் நான் அதைவிட மோசமானதைச் செய்தேன். படிப்பு எனக்குக் கம்பெனியில் மட்டும்தான் ஞாபகம் வந்தது தம்பி. நீயும் படித்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் நமக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாமல் என்று சொல்வதும் பொய்தான், பார்த்தோம், வேறு பேர் வைத்தோம். காலையில் அப்பா முகம் உப்பியிருக்கும், தூக்கம் ஜாஸ்தி என்றோம். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும், நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நின்றால் யாருக்குத்தான் வீங்காது என்றோம். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி வாங்கி மாத்திரை போட்டார், அதுவும் கிட்னிக்கு ஆகாது என்று அப்போது நமக்குத் தெரியாது. நமக்கு அப்போதுதான் வீட்டுக் கக்கூஸ் கட்டினார்கள், நினைவிருக்கா. அப்பா போய்விட்டு வந்த பிறகு நான் உள்ளே போனால் தண்ணீர் மேலே நுரை நிற்கும். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் மாதிரி, உடையாமல் நிற்கும். பிளீச்சிங் பவுடர் போட்டது இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினேன். உப்பளத்தில் போகிறவருக்கு அது தெரியவும் வழியில்லை. காற்று அடித்தால் பாத்திக் கரையெல்லாம் நுரை ஒதுங்கிக் கிடக்கும், அதில் எது உப்பு நுரை, எது தன்னுடையது என்று அவர் எப்படிப் பார்ப்பார். எப்போதாவது எனக்கு லேசாகச் சந்தேகம் வரும். வந்ததும், கேம்ப்பில் நார்மல் என்றுதானே வந்தது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். யாருடைய நார்மல் அது என்பதை அந்த நேரத்தில் மனசு மறைத்துவிடும். அதுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம். எல்லாம் தெரிந்த என்னையே அந்தச் சீட்டு ஏமாற்றியது.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவை நாங்கள் பார்த்தபோது உனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. யூரினில் புரதம் கொட்டுகிறது, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியிருக்கிறது என்றார். முதுகில் ஊசி போட்டுக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் எங்களை உட்காரவைத்து, பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். கிட்னிக்குள் லட்சக்கணக்கில் சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கிறதாம். அதில் அங்கங்கே ஓட்டை விழுந்து, புரதம் ஒழுகி, ஒழுகின இடம் தழும்பாகிவிடுகிறதாம். தழும்பான இடம் அப்புறம் வடிகட்டாது, பக்கத்தில் இருப்பதன் தலையில் வேலை விழும், அதுவும் கொஞ்ச நாளில் தழும்பாகும். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க கரையில நண்டு வளை விழுற மாதிரிங்க" என்றார். "விழுந்த அன்னைக்கே மண்ணு வெச்சு அடிச்சா கரை நிக்கும். விட்டா, விடியறதுக்குள்ள பாத்தித் தண்ணி பூரா ஓடிடும்." டாக்டரம்மா அவரைப் பார்த்து, "அதேதாங்க, நீங்க சொல்றதுதான் சரியா இருக்கு" என்றார். அப்புறம் கேட்டார், இதற்கு முன்னால் எப்போதாவது யூரின் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா என்று. அப்பா என்னைப் பார்த்தார். நான் கைப்பையைப் பார்த்தேன். "ரெண்டு வருஷம் முன்னாடி கேம்ப்ல எடுத்தாங்க, நார்மல்னு சொன்னாங்க" என்று அப்பாதான் சொன்னார். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். ரெண்டு வருஷத்துக்குள் இவ்வளவு வேகமாக வந்ததா என்று அவருக்கு ஆச்சரியம். பொய்யான ஒரு வரியை நம்பி ஒரு டாக்டர் யோசிக்கிறதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

தழும்பு ஒன்றுதான், ஆனால் அது எதனால் விழுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு என்று அவர் சொன்னார். சிலருக்கு உடம்பே தன் வடிகட்டியைப் பகை என்று நினைத்துத் தாக்கும், அவர்களுக்கு ஸ்டீராய்டு கேட்கும். சிலருக்குப் பிறவியிலேயே வடிகட்டியின் அமைப்பில் பழுது இருக்கும், அவர்களுக்கு ஸ்டீராய்டு பெரும்பாலும் கேட்காது. சிலருக்குக் கிட்னி மேல் வருஷக்கணக்கில் விழுகிற பாரம். மைக்ராஸ்கோப்பில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியுமாம். எது என்று பிரித்துச் சொல்ல ரத்தத்திலும் யூரினிலும் அடையாளங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், சில டெஸ்ட்கள் வந்துவிட்டன, நம்ம ஊர்ப்பக்கம் இன்னும் சுலபமாகக் கிடைப்பதில்லை என்றார். அதனால் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். நாலு மாசம். அந்த நாலு மாசத்து அப்பாவை நீ மறந்திருக்க மாட்டாய். முகம் நிலா மாதிரி உருண்டு, சர்க்கரை வந்து, ராத்திரியெல்லாம் தூங்காமல், நீ பென்சிலைக் கீழே போட்டதற்கெல்லாம் கத்தினார். ஒரு நாள் உன்னை அடித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அடித்தது மாத்திரை, அவர் இல்லை என்று உனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மாத்திரை அவருக்குக் கடைசிவரை கேட்கவே இல்லை. அப்புறம் நிறுத்தி, ரத்த அழுத்தத்துக்கும் ஒழுகலைக் குறைக்கவும் வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதை ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பித்திருந்தால் இன்னும் எவ்வளவோ தாக்குப்பிடித்திருக்கும்.

டயாலிசிஸ் ஆரம்பித்தபோது உனக்குப் பதினேழு. வாரத்துக்கு மூணு நாள் விடியற்காலை பஸ்ஸில் போவோம். கீழ்புத்துப்பட்டு வந்ததும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி அய்யனாருக்குக் கும்பிடு போடுவார், திரும்பி வரும்போது கும்பிடத் தெம்பு இருக்காது, தலையை மட்டும் ஆட்டுவார். "போகும்போது வேண்டுதல், வரும்போது அட்டெண்டென்ஸ்" என்பார். அப்படித்தான் கடைசிவரை பேசினார். என் கிட்னியைக் கொடுக்கலாம் என்று டெஸ்ட் எடுத்தேன், ரத்த குரூப் சேரவில்லை. அப்போதுதான் நீ அந்தப் பேச்சை எடுத்தாய். உனக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாசம்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "என்னோடத எடுத்துக்கச் சொல்லுமா. எனக்கு வயசு வந்துடுச்சு" என்றாய். நீ டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையிடமிருந்து எடுப்பதற்கு முன்னால் அப்பாவுக்கு இது பிறவியிலேயே வந்ததா என்று ஒரு ஜீன் டெஸ்ட் பார்த்துவிடுவோம் என்றார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பா உன்னைக் கூப்பிட்டு, "உன்னோடது எனக்கு வேணாம்டா. இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தா நான் டயாலிசிஸுக்கே போகமாட்டேன்" என்றார். நீ கோபித்துக்கொண்டு வெளியே போனாய். மூணு நாள் அவரோடு பேசவில்லை. அவர் போன பிறகு ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாய், "என்னோடத ஏம்மா வேணாம்னு சொன்னாரு, நான் என்ன பண்ணேன்" என்று. அப்பாவுக்கு உன்மேல் பாசம் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

மீதிப் பாதி இந்தக் கவரில் இருக்கிற தாள். அது அந்த ஜீன் டெஸ்ட் ரிசல்ட். அப்பாவின் வடிகட்டியைக் கட்டுகிற ஒரு ஜீனில் பிறவியிலிருந்தே ஒரு மாற்றம் இருந்திருக்கிறது. அது பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் எல்லாருக்கும் நோயாக மாறாது, மாறுகிறவர்களுக்கும் எந்த வயதில் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. உப்பளத்து வெயிலும் தண்ணீர் குடிக்காததும் வலி மாத்திரையும் அதை அவருக்கு வேகப்படுத்தியிருக்கும், ஆனால் ஆரம்பித்து வைத்தது வெயில் இல்லை. "இந்த ஒரு தாள் முன்னாடியே நம்ம கையில இருந்திருந்தா அந்த ஸ்டீராய்டை நான் எழுதியிருக்கவே மாட்டேம்மா" என்று அவர் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் என் கையை அவர் பிடித்ததே கிடையாது. "இப்ப அவன்கிட்ட சொல்லாத. படிச்சு ஒரு வேலைக்குப் போகட்டும். அன்னைக்குச் சொல்லு. அதுவரைக்கும் அவன் நிம்மதியா இருக்கட்டும்" என்றார். நான் சரி என்றேன். அவர் போன பிறகும் அந்தச் சரியைக் காப்பாற்றினேன். பீரோவில் புடவைக்கடியில் அந்தத் தாள் இருந்தது. ஊரே உப்பள வெயில்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்றது, நானும் தலையாட்டினேன். நாளைக்குப் பெண் பார்க்கும்போது ஜீன் அது இது என்றால் யார் கொடுப்பார்கள் என்றும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது, அதையும் மறைக்கவில்லை. நான் உப்பளத்தில் கால் வைக்காதவன், எனக்கு இது வராது என்று நீ நினைத்ததும் அதனால்தான். அப்படி உன்னை நினைக்கவைத்தது நான்.

உனக்கு வேலை கிடைத்த அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில்தான் நீ போன் பண்ணி, இன்னொருத்தன் டப்பாவில் பாஸ் ஆனேன் என்று சொன்னாய். அப்பா டெக்னிக் என்று சொன்னாய். அப்பாவைக் கொன்றதில் அந்த டெக்னிக்குக்கும் பங்கு இருக்கிறது தம்பி. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை உன்மேல் அதில் ஒரு துளித் தப்பும் கிடையாது. அதை நீ எந்த நாளும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. டப்பாவை உன் கையில் கொடுத்தது நான். உன் கிட்னியை அப்பா வேண்டாம் என்றதும் உன்னைத் தள்ளிவிட்டதில்லை. அது உனக்கே தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். மூணு நாள் நீ பேசாமல் இருந்தாயே, அந்த மூணு நாளும் நீ தூங்கின பிறகு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். எழுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம், கோவமாவே இருக்கட்டும், அப்பத்தான் கேக்க மாட்டான்" என்றார்.

இப்போது நான் கேட்பது இதுதான். கம்பெனிக்கு நீ கொடுத்ததை எப்படிச் சரி பண்ணுவது என்று அப்புறம் உட்கார்ந்து பேசலாம், அதற்கு நான் வந்து உன்கூட நிற்கிறேன். வேலை போனாலும் போகட்டும். முதலில் உனக்காக, உன் பேரில், உன்னுடையதைக் கொடு. காலையில் முதலில் போவதைப் பிடிக்க வேண்டும். ஆல்புமினும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரம்மா எனக்கு எழுதிக் கொடுத்ததைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ரத்தத்திலும் கிரியேட்டினின் பார்க்கட்டும், பிரஷரும் பார்க்கட்டும். ஒன் பிளஸ் என்றால் உடனே அதுதான் என்று அர்த்தமில்லை. காய்ச்சல் இருந்தால் வரும், ஓடி ஆடிவிட்டு வந்து கொடுத்தால் வரும். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அப்படியே இருந்தாலும் நீ அப்பா இல்லை, உனக்கு ஆரம்பத்திலேயே தெரியும், வளை விழுந்த அன்றைக்கே மண் வைக்கலாம். ஒழுகலைக் குறைக்கிற மாத்திரை இருக்கிறது, புதிது புதிதாக வந்துகொண்டும் இருக்கிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யார் உனக்கு ஸ்டீராய்டு எழுதினாலும் இந்தத் தாளைக் காட்டாமல் ஒரு மாத்திரைகூட வாங்கிப் போடாதே. உடம்பு வலிக்கிறது என்று கடையில் வாங்கிப் போடாதே. ஷிப்டில் தண்ணீர் குடிக்க விடவில்லை என்றால் எழுந்து போய்க் குடி. ஜீன் டெஸ்ட் எடுப்பதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம், அதில் நான் இனிமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உன் விஷயத்தை உனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு நான் பட்டது போதும்.

அப்பாவுடைய சட்டைப்பையில் அந்தக் கேம்ப் சீட்டு கடைசிவரை இருந்தது, உனக்குத் தெரியாது. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, எழுத்தெல்லாம் அழிந்துபோய், நார்மல் என்ற ஒரு வார்த்தை மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று டயாலிசிஸ் படுக்கையில் ஒரு நாள் கோபமாகக் கேட்டேன். குழாயெல்லாம் மாட்டியிருந்தது, அசைய முடியாது. "அது என்னோடது இல்லடி, அவனோடது. அவன் நல்லா இருக்கான்னு எழுதியிருக்கு, அதைப் போய் கிழிக்கச் சொல்றியா" என்றார். அது உன் பத்து வயதுச் சீட்டு. உனக்கு இப்போது இருபத்தொன்று. அதை வைத்துக்கொண்டு நான் இனிமேல் தூங்க முடியாது. எனக்கு உன் சீட்டு வேண்டும் கண்ணு, என்ன எழுதியிருந்தாலும் சரி. டப்பா வாங்கினதும் முதலில் மேலே உன் பேரை உன் கையால் எழுது. அப்புறம் மற்றது.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும், திட்டியே எழுது, அதுவும் எனக்குப் பதில்தான். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்தக் கவர் கையில் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு.

அம்மா